பெயிண்ட் அடிக்காத மஸ்டாங்: உலோகத் தோலுக்கு எந்த வழி?

கணினியில் 3டி விமானம் ஒன்றைச் செய்யும்போது, மாடலிங் முடிந்து, யூவியும் (அதன் தோலை உரித்துத் தட்டையாக்கிய படம், இதன் மேல்தான் நிறம் தீட்டுவோம்) விரித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்காரும் கட்டம் ஒன்று வரும். பச்சையும் பழுப்புமாகப் பெயிண்ட் அடித்த போர் விமானம் என்றால் பெரிய கவலை இல்லை. நிறத்தைக் கொட்டி, அழுக்கைத் தேய்த்து, ஓரங்களைக் கொஞ்சம் சுரண்டினால் ஓரளவு நம்பும்படி வந்துவிடும். வெறும் அலுமினியத் தகட்டோடு பறந்த விமானம்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். நான் முதன்முதலில் செய்த, இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்கைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், "என்னப்பா, டிபன் பாக்ஸுக்கு ரெக்கை முளைச்சிருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். மூக்கிலிருந்து வால் வரை ஒரே எவர்சில்வர் பளபளப்பு.

இந்த வேலைக்கு இன்றைக்கு நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன. நிஜ விமானத்தின் போட்டோக்களை வெட்டி ஒட்டுவது. கிருட்டா, கிம்ப், போட்டோஷாப் மாதிரி வரையும் மென்பொருள் ஒன்றில் லேயர் லேயராகக் கையால் வரைவது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நோடுகளை (கணக்கிட்டுத் தோற்றம் தரும் சின்னக் கட்டங்களை) இணைத்துக் கட்டி, வருவதைப் படமாகப் பதிந்து எடுப்பது, அதாவது பேக் செய்வது. 3டி மாடலின் மேலேயே நேரடியாகத் தீட்டும் சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் போடுவது. எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். மஸ்டாங்கின் மேல் என்ன இருந்தது என்று தெரியாமல் எந்த மென்பொருளில் உட்கார்ந்தாலும் டிபன் பாக்ஸ்தான் வரும்.

அது ஒரே உலோகம் இல்லை

சமையலறையில் ஓர் எவர்சில்வர் தட்டையும், பத்து வருடம் புழங்கிய அலுமினியக் குண்டானையும் எடுத்து ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தட்டில் ஜன்னல் கம்பி கம்பியாகத் தெரியும். குண்டானில் ஜன்னல் இருக்கிற பக்கம் ஒரு வெளிறிய மங்கல் மட்டும் தெரியும். இப்போது வெளியே போய், சில்வர் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டைப் பாருங்கள். அதிலும் வெள்ளி நிறம்தான், ஆனால் ஒளி ஓடாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. மஸ்டாங்கின் மேல் இந்தக் குண்டான், கேட் இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவ விமானப்படைக்குப் போன விமானங்களில் மறைவண்ணத்தைக் கைவிட ஆரம்பித்தார்கள். அதனால்தான் பி-51டி வெள்ளியாகத் தெரிகிறது. உடல் பகுதி ஆல்க்ளாட் தகடு: வலுவான உலோகக் கலவையின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லியதாகப் பொதிந்த தகடு. அதற்குப் பெயிண்ட் இல்லை. இறக்கையின் கதையே வேறு. மஸ்டாங்கின் இறக்கை காற்று வழுக்கிப் போகும்படி வடிவமைத்த லாமினார் வகை. சின்ன ரிவெட் தலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த ஓட்டம் கெடும். அதனால் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில், முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிய அகலத்தில் சுமார் 40 விழுக்காடு வரை, ரிவெட்டுகளையும் பேனல் (தகட்டுத் துண்டு) இடைவெளிகளையும் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே அலுமினியத் துகள் கலந்த லாக்கர் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். ஆக, உடல் குண்டான், இறக்கை கேட்.

இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இணையத்தில் பார்க்கிற மஸ்டாங் மாடல்களில் பத்துக்கு எட்டில் இறக்கை முழுக்க ரிவெட் வரிசை பளிச்சென்று ஓடும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு. முன்பகுதியில் கோடே தெரியக்கூடாது. ஃபிளாப், அய்லெரான் போன்ற, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதிகளில் லாக்கர் இல்லாமல் வெறும் தகடாகவே இருந்த விமானங்களும் உண்டு. எந்த விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுக்கான் துணி போர்த்தியது. அதற்கு மேல் அடித்த வெள்ளியும் லாக்கர்தான், துணியின் மென்மை வேறு சேர்ந்துகொள்ளும். காக்பிட்டுக்கு முன்னால் மூக்கின் மேல்பக்கம், விமானியின் கண் கூசாமல் இருக்க ஆலிவ் பச்சை மேட் பெயிண்ட். எக்ஸாஸ்ட் குழாய்கள் எஃகு. அலுமினியத்தைவிடக் கருமையான உலோகம்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் நிஜத்தைக் கொண்டுவருவது. தகடு உருட்டி எடுக்கும்போது அதில் ஓர் இழை ஓட்டம் விழுகிறது. பக்கத்துப் பக்கத்துப் பேனல்களை வெட்டும்போது அந்த இழை ஒன்றில் நீளவாக்கில், இன்னொன்றில் குறுக்குவாக்கில் அமைந்துவிடும். அதே வெயிலில் ஒரு பேனல் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் தெரிவதற்கு அதுதான் முக்கியக் காரணம். இரண்டு அடி நகர்ந்தால் வெளுத்தது கறுக்கும், கறுத்தது வெளுக்கும். பழைய படங்களில் உடல் பகுதி ஒட்டுத்துணி மாதிரி தெரிவது இதனால்தான். கூடவே, உள்ளே இருக்கும் சட்டங்களுக்கு நடுவில் தகடு லேசாக அலையடிக்கும். தொட்டுப் பார்த்தால் கைக்கே தட்டுப்படாத அளவு. ஆனால் அடிவானத்தின் பிரதிபலிப்பு அந்த இடத்தில் நெளிந்து போவதைக் கண் உடனே பிடித்துவிடும்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்று ஏர் ஷோக்களில் பறக்கிற மஸ்டாங்குகளில் பல, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றியவை. போர்க்காலத்தில் ஆறு மாதம் பறந்த விமானம் அப்படி இருந்ததில்லை. காட்சிக்கு நிறுத்திவைத்த விமானங்களில் மறுபக்கப் பிரச்சினை: மழை வெயிலுக்குப் பயந்து மேலே முழுக்க சில்வர் பெயிண்ட் அடித்திருப்பார்கள். நம் விமானப்படையின் நாட், ஆரம்பகால மிக்-21 ஆகிய போர் விமானங்களைச் செய்யப்போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். நிறுத்திவைத்த விமானத்தைப் பார்த்து ரஃப்னஸ் (பரப்பு எவ்வளவு மங்கல் என்ற அளவு: 0 கண்ணாடி மாதிரி, 1 முழு மங்கல்) முடிவு செய்யாதீர்கள்.

எந்த வழிக்கும் பொதுவான ஒரு வேலை

மேலே சொன்னதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். உலோகத்தின் நிஜம் கீறலில் இல்லை, பேனலுக்குப் பேனல் மாறும் சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது. அப்படியானால் முதலில் வேண்டியது பேனல் வரைபடம். நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூவி விரிப்பைக் கீழே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பேனலையும் மூடிய வடிவமாக வரைகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பல் அளவு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது. கோடுகளை மட்டும் ஒரு படமாக, சாம்பல் நிரப்பலை மட்டும் இன்னொரு படமாக எடுத்துக்கொள்வேன். மஸ்டாங்குக்கு இதற்கு மூன்று வார மாலைகள் போயின. டெக்ஸ்ச்சர் போட ஆன நேரம் அதில் பாதிகூட இல்லை.

இந்த ஒரு படம் கையில் இருந்தால் நான்கு வழிகளிலும் பயன்படும். பாதியில் மென்பொருளை மாற்றினாலும் வீணாகாது. அதனால்தான் மென்பொருள் கேள்வியை இரண்டாவதாக வைக்கிறேன்.

அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஸ்டாங்கின் நீளம் 9.83 மீட்டர். அதை 4096 பிக்சலில் நீட்டினால் ஒரு பிக்சல் 2.4 மில்லிமீட்டர். தகட்டோடு தகடாகப் பதிந்த ரிவெட்டின் தலை ஐந்தாறு மில்லிமீட்டர்தான். ஆக ரிவெட்டுக்கு இரண்டரை பிக்சல் கிடைக்கும். வட்டம் எங்கே வரப்போகிறது, புள்ளிதான் வரும். ரிவெட் தெளிவாக வேண்டுமென்றால் உடலையும் இறக்கையையும் தனித்தனித் தாள்களாக (தோலுக்கான படங்களை நான் தாள் என்கிறேன்) பிரிக்க வேண்டும், இல்லையென்றால் 8192-க்குப் போக வேண்டும். பிரிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 4096 தாள் ஒன்று சுருக்காமல் 64 எம்பி, பிசி7 என்ற கிராஃபிக்ஸ் கார்டு முறையில் சுருக்கினால் 16 எம்பி. நிறம், நார்மல் (சின்ன மேடு பள்ளத்தைக் காட்டுவது), சிவப்பு-பச்சை-நீலம் மூன்று சேனலில் பொதிந்த ரஃப்னஸ்-மெட்டாலிக் (உலோகமா இல்லையா என்ற அளவு: 1 உலோகம், 0 இல்லை) என்று தொகுப்புக்கு மூன்று தாள் வரும். கணினி விமான சிமுலேட்டருக்கு அனுப்புபவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டோ ஒட்டுவது

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெறும் உலோகத்துக்கு இது சரிப்படாது. உலோகத்தைப் போட்டோ எடுத்தால் கிடைப்பது உலோகத்தின் படம் இல்லை, அதில் தெரிந்த வானத்தின், மரத்தின், போட்டோ எடுத்தவருடைய சட்டையின் படம். அதை நிறத் தாளில் ஒட்டினால் விமானம் எங்கே திரும்பினாலும் அந்தச் சட்டையும் கூடவே திரும்பும். பெயிண்ட் அடித்த பரப்பில் விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் கண்ணாடி) போட்டு மினுக்கத்தை வடிகட்டி நல்ல நிறம் எடுக்கலாம். வெறும் உலோகத்தில் மினுக்கத்தை வடிகட்டினால் மிச்சம் எதுவும் இருக்காது, படம் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். உலோகத்துக்கு மினுக்கத்தைத் தவிர வேறு நிறமே கிடையாதே.

போட்டோ உதவுகிற இடம் கறை. எண்ணெய் வழிந்த தடம், புகைக் கரி படிந்த வடிவம் ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளை மாஸ்க்காக (எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று சொல்லும் படமாக) மாற்றி எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் லாரி டீசல் டேங்க்கிலேயே அருமையான வழிசல் தடங்கள் கிடைக்கும். நான் பாதியை அப்படித்தான் எடுத்தேன்.

கையால் வரைவது

காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். கிருட்டாவில் உயரப் படத்தை நார்மல் மேப்பாக மாற்றும் ஃபில்டர் உண்டு, 16 பிட்டிலும் (8 பிட்டைவிட மிக நுண்ணிய சாம்பல் படிகளோடு) வேலை செய்யலாம். இந்த 16 பிட் விஷயம் முக்கியம். முன்னே சொன்ன தகட்டு அலை மிகமிக மென்மையானது. 8 பிட்டில் அதைப் போட்டால் பிரதிபலிப்பில் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். பெயிண்ட் அடித்த விமானத்தில் அந்தப் படிக்கட்டு கண்ணில் படாமல் தப்பிவிடும், உலோகத்தில் தப்பவே தப்பாது.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் கட்டுப்பாடு. எந்தப் பேனல் எவ்வளவு மங்கல் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், மென்பொருள் தானாக எதையும் சேர்க்காது. கஷ்டம் என்னவென்றால் வரையும்போது கண்ணுக்குத் தெரிவது வெறும் சாம்பல் தாள். ரஃப்னஸ் தாளில் நீங்கள் தீட்டுகிற 0.30-க்கும் 0.36-க்கும் உள்ள வித்தியாசம் தாளில் தெரியவே தெரியாது. விமானத்தின் மேல் வெயில் பட்டால் ஊரே பார்க்கும். ஒவ்வொரு முறையும் சேமித்து, 3டியில் திறந்து பார்த்து, திரும்பி வந்து திருத்த வேண்டும். யூவி தையல் (தோலை விரிக்க வெட்டிய ஓரம்) ஓடுகிற இடத்தில் கறை இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் தொடராமல் வெட்டுப்பட்டு நிற்கும் தொல்லையும் உண்டு.

ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் மாதிரிப் பழைய சிமுலேட்டருக்குச் செய்பவர்களுக்கு இன்றும் இதுதான் பொருத்தம். அங்கே மெட்டாலிக், ரஃப்னஸ் எல்லாம் கிடையாது. நிறத் தாள், மினுக்கத்துக்கான ஸ்பெக்குலர் தாள், ஆல்ஃபா சேனலில் எவ்வளவு பிரதிபலிக்க வேண்டும் என்ற அளவு, அவ்வளவுதான். வெளுப்பு கறுப்பு வித்தியாசத்தை நிறத்திலேயே ஏமாற்றித் தீட்ட வேண்டியிருக்கும், அதற்குக் கைதான் லாயக்கு.

பிளெண்டர் நோடுகள்

இலவசம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மஸ்டாங் மாதிரி இழை ஓட்டம்தான் உயிர் என்ற விமானத்துக்கு, ஸ்டில் ரெண்டர் எடுப்பதாக இருந்தால், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். பேனல் வரைபடத்தின் சாம்பல் அளவு ஒரு எண். அந்த எண்ணை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். ஒரு நாய்ஸ் டெக்ஸ்ச்சரை ஒரு திசையில் நீட்டி இழை செய்துகொண்டு, அதன் சுழற்சிக் கோணத்துக்குப் பேனல் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு பேனலிலும் இழை வேறு பக்கம் திரும்பிவிடும். பரப்பின் தோற்றத்தை முடிவு செய்யும் பிரின்சிபிள்டு ஷேடரில் அனிசோட்ரோபிக் (இழையின் திசைக்கேற்ப மினுக்கம் நீள்வது) என்றும் அதன் சுழற்சி என்றும் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. அங்கும் அதே எண்ணைச் செருகினால், நகர்ந்தால் வெளுப்பு கறுப்பாவது நிஜமாகவே நடக்கும். முதல்முறை கேமராவைச் சுற்றிப் பார்த்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இது பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் கிடைக்கும், அதன் வேகமான இன்னொரு ரெண்டரான ஈவீயில் எதிர்பார்க்க வேண்டாம்.

எண்கள் கேட்பீர்கள், என் மஸ்டாங்கில் இருப்பவை இவை. தூய அலுமினியத்தின் நிறம் 255-க்கு 245 அளவில் வரும், கிட்டத்தட்ட வெள்ளை. இதைப் பார்த்துப் பயந்து பலர் 160, 170 என்று சாம்பலைப் போட்டுவிடுகிறார்கள். அங்கேயே அலுமினியம் ஈயமாகிவிடுகிறது. புழங்கிய தகட்டுக்கு நான் 225 வைத்தேன், பேனலுக்குப் பேனல் ஏற்ற இறக்கம் நான்கைந்து அளவுதான். ரஃப்னஸ் 0.28-ஐ நடுவாக வைத்து 0.06 மேலும் கீழும். இதற்கு மேல் போனால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். நானும் ஒரு தடவை ஆக்கினேன். இறக்கை லாக்கருக்கும் மெட்டாலிக் 1-தான் கொடுத்தேன், ஏனென்றால் அதற்குள் மினுங்குவது அலுமினியத் துகள். ஆனால் நிறத்தை 200-க்கு இறக்கி, ரஃப்னஸை 0.48-க்கு ஏற்றி, இழையை முழுக்க எடுத்துவிட்டேன். எக்ஸாஸ்ட் எஃகு 195 பக்கம் ஆரம்பித்து, சூட்டில் பழுப்பேறியது.

சிக்கல் தொடங்குவது பேக் செய்யும்போது. சிமுலேட்டருக்கோ கேம் எஞ்சினுக்கோ நோடுகள் போகாது, தாள்கள்தான் போகும். நிறத்தை டிஃப்யூஸ் (மினுக்கம் இல்லாமல் சிதறும் ஒளி) என்ற வகையில் பேக் செய்தால் அலுமினியம் இருக்கிற இடமெல்லாம் கறுப்பாக வரும். உலோகத்துக்கு டிஃப்யூஸே இல்லை என்பதால் அது சரியான விடைதான், நமக்குத்தான் பயன்படாது. நான் இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க வெவ்வேறு செட்டிங்கில் பேக் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறத்தையும் மெட்டாலிக்கையும் எமிஷனில் (தானே ஒளிர்வதற்கான இடத்தில்) செருகி, எமிட் வகையில் பேக் செய்வதுதான் வழி. தாளுக்குத் தாள் இப்படிப் பிடுங்கிச் செருக வேண்டும். கூடவே, உயிரான அனிசோட்ரோபி பேக்கில் வராது. அங்கே போய்ச் சேர்வது ரஃப்னஸ் வித்தியாசமும் இழையின் நார்மலும் மட்டும்தான்.

கறை தீட்டுவதிலும் பிளெண்டர் கொஞ்சம் முரடு. அதற்குள்ளேயே டெக்ஸ்ச்சர் பெயின்ட் இருந்தாலும் லேயர் கிடையாது. அதைக் கிருட்டாவுக்குத் தள்ளிவிடுவேன்.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர்

தொழிலாகச் செய்பவர்கள் கையில் பெரும்பாலும் இதுதான். அலெகோரித்மிக் நிறுவனம் உருவாக்கியது, 2019-ல் அடோபியிடம் போனது. மாதச் சந்தா உண்டு; ஸ்டீமில் அந்தந்த ஆண்டின் பதிப்பை ஒரே தடவை காசு கட்டி வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. எப்போதாவது ஒரு விமானம் செய்பவருக்கு அந்த இரண்டாவது வழிதான் லாபம். கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியை நன்றாக விழுங்கும், 4கே தாள் நான்கைந்து வைத்தால் என் கணினி இரைக்கத் தொடங்கிவிடும்.

இதில் நேர்த்தி எங்கே என்றால், தீட்டும்போதே விமானம் வெளிச்சத்தில் கண்ணெதிரே நிற்கிறது. ரஃப்னஸை 0.02 நகர்த்தினால் அங்கேயே தெரிகிறது. வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்க்கலாம். தையலைத் தாண்டித் தீட்டலாம். ஒரே தூரிகை இழுப்பில் நிறம், ரஃப்னஸ், மெட்டாலிக் மூன்றும் சேர்ந்து விழும். இந்தக் கடைசி விஷயம் கறைக்குப் பெரிய வரம். மஸ்டாங்கின் எக்ஸாஸ்ட்டிலிருந்து பின்னோக்கி இறக்கை வேரின் மேல் படியும் கரி உலோகம் இல்லை. அங்கே மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.8-க்கு மேல். ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்ததால் அந்தத் தடத்தின் நடுவே வெளிறிய சாம்பல் திட்டுகளும் இருக்கும், அதுவும் மெட்டாலிக் 0. எஞ்சினுக்குக் கீழே வயிற்றில் வழியும் எண்ணெயோ நேர் எதிர்: உலோகம் உலோகமாகவே இருக்கிறது, நிறம் கறுக்கிறது, ரஃப்னஸ் குறைகிறது. ஈரம் என்றால் வழவழப்புதானே. இரண்டையும் ஒரே "அழுக்கு" லேயரில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

2024 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்தின் எண்பதாம் ஆண்டையொட்டி எனக்கு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு ஒரு மஸ்டாங் தேவைப்பட்டது. 1944 ஜூன் முதல் வாரத்தில், தரையிறக்கத்துக்கு ஓரிரு நாள் முன்னால், இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை அவசரமாக அடித்தார்கள்; ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். தூரிகையை வைத்துக் கையால் இழுத்தவை நிறைய, ஓரம் நேராகவே இருக்காது. பெயின்டரில் ஒரு வறண்ட தூரிகையைத் தேர்ந்தெடுத்து, கோடு போடும் கருவியைத் தொடாமல் கையாலேயே இழுத்தேன். வெள்ளை மெல்லியதாக விழுந்த இடத்தில் அடியிலிருந்து அலுமினியம் எட்டிப் பார்த்தது. பதினைந்து நிமிட வேலை. பிளெண்டரில் இதையே செய்ய அரை நாள் ஆகியிருக்கும், அப்போதும் இவ்வளவு கோணலாக வந்திருக்காது.

இனி குறை. பெயின்டரின் ஸ்மார்ட் மெட்டீரியல்கள் (தேய்மானம், அழுக்கோடு தயாராக வரும் பரப்புகள்) எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன. ஓரத் தேய்மானம் போடும் ஜெனரேட்டர், வளைவு எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பெயிண்டைச் சுரண்டி அடியில் உலோகத்தைக் காட்டும். வெறும் அலுமினிய விமானத்தில் சுரண்டப் பெயிண்ட் எங்கே இருக்கிறது? ஆனாலும் அதையே போட்டு, ஒவ்வொரு பேனல் ஓரத்திலும் வெள்ளைக் கோடு ஓடவிட்ட மஸ்டாங்குகள் ஏராளம். மஸ்டாங்கில் நிஜமாகத் தேயும் இடங்கள் சில. விமானியும் தரைப் பணியாளர்களும் மிதித்து ஏறும் இறக்கை வேர், திறந்து திறந்து மூடும் துப்பாக்கி அறைக் கதவு, எஞ்சின் மூடியின் திருகாணிகளைச் சுற்றி. அங்கே கையால் தீட்டுங்கள். ஜெனரேட்டரை அணைத்து வையுங்கள்.

இழை ஓட்டத்தைப் பேனல் பேனலாகத் திருப்புவதும் இங்கே பிளெண்டர் அளவு சுலபமில்லை. இழையை நிரப்பிய ஒரு ஃபில் லேயர் நேர்ச் சுழற்சியில், இன்னொன்று 90 பாகையில், பேனல் வரைபடத்தை மாஸ்க்காக வைத்துப் பிரித்துவிடுவேன். தகடு பெரும்பாலும் அந்த இரண்டு திசையில்தான் வெட்டப்படுகிறது என்பதால் இதுவே போதுமாக இருக்கிறது.

அப்படியென்றால் எது?

உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல ஸ்டில் படம், ஓரிரு விமானம்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் பிளெண்டரிலேயே இருங்கள். பேக் செய்ய வேண்டியதே இல்லை என்பதால் அதன் பெரிய தொல்லை உங்களைத் தொடாது. அனிசோட்ரோபி முழுசாகக் கிடைக்கும். பெயின்டர் வாங்கினாலும் இந்த வேலைக்கு அது அதைவிட நன்றாகக் கொடுக்காது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், டிசிஎஸ், எக்ஸ்-பிளேன், அன்ரியல் என்று எங்கோ பறக்கப்போகும் விமானம், அதுவும் நாலைந்து ஸ்குவாட்ரன் அடையாளங்களோடு நாலைந்து தடவை போடவேண்டியது என்றால் பெயின்டருக்குக் காசு கட்டிவிடுங்கள். அடியில் உலோகம் ஒரு தொகுப்பு, மேலே அடையாளங்களும் கறையும் தனித் தொகுப்பு என்று பிரித்து வைத்தால் இரண்டாவது விமானத்துக்கு ஒரு நாள் போதும். ஏற்றுமதியில் ரஃப்னஸ் பச்சை சேனலிலும் மெட்டாலிக் நீலத்திலும் போய்ச் சேர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் (எக்ஸ்-பிளேனுக்கு மட்டும் பொதியும் முறை வேறு). நார்மல் மேப்பின் பச்சை சேனல் அன்ரியலில் ஒரு திசை, பிளெண்டரில் எதிர்த் திசை. மாறிப்போனால் பள்ளமாக ஓட வேண்டிய பேனல் கோடு மேடாக எழும்பி நிற்கும். பெயிண்ட் விமானத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை, உலோகத்தில் பார்த்தவுடன் என்னமோ உறுத்தும்.

காசும் இல்லை, கணினியும் பழையது என்றால் பேனல் வரைபடம் இங்க்ஸ்கேப்பில், உலோகம் பிளெண்டர் நோடில் பேக், கறை கிருட்டாவில். நான் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். மெதுவாகப் போகும், ஆனால் கடைசியில் வரும் தாள்களைப் பார்த்து எதில் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியே அனுப்பும் முன் ஒரு சோதனை. பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வான்வெளி எச்டிஆர்ஐ (சுற்றிலும் ஒளி தரும் 360 பாகைப் படம்) இரண்டை எடுங்கள்: ஒன்று உச்சி வெயில், இன்னொன்று மேகமூட்டம். வெயிலில் எந்த உலோகமும் அழகாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். மேகமூட்டத்தில் விமானத்தை மெல்லச் சுற்றுங்கள். உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் குண்டானும் கேட்டும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பொருளாகக் கலந்து நின்றால், லாக்கரின் ரஃப்னஸை 0.05 ஏற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள்.